இடங்களின் பட்டியல் இருக்கிறது, நேரக் குறிப்பு எங்கே? – சென்னைச் சுற்றுலாவைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுற்றுலாத் துறை அலுவலர்களுக்கும், சென்னையையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் வெளியூராருக்குக் காட்டும் பொறுப்பில் உள்ள மற்றத் துறையினருக்கும்,

வணக்கம்.

சென்னையில் பார்க்க வேண்டிய இடங்கள் எவை என்று கேட்டால் இன்று எவரும் திணறுவதில்லை. மெரினா, சாந்தோம், மயிலைக் கபாலீசுவரர் கோயில், எழும்பூர் அருங்காட்சியகம், புனித ஜார்ஜ் கோட்டை, கிண்டி, வண்டலூர், தட்சிணசித்ரா, மாமல்லபுரம், காஞ்சிபுரம், வேடந்தாங்கல், பழவேற்காடு என்று பத்துப் பன்னிரண்டு பெயர்கள் கையேட்டிலும் பதாகையிலும் கைபேசியிலும் ஒரே வரிசையில் கிடைக்கின்றன. அந்த வரிசையில் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. ஆனால் அவற்றில் ஒவ்வொன்றையும் எந்த மாதத்தில், எந்தக் கிழமையில், பகலின் எந்த வேளையில் பார்த்தால் உண்மையில் பார்த்ததாகும் என்பதை இந்த நகரம் தன் விருந்தினரிடம் சொல்வதில்லை. வெயிலும், கோயில் நடை சாத்தும் நேரமும், வார விடுமுறையும், வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து ஆளுகின்ற ஊர் இது. இங்கே வேளை தவறிப் போனால், போன இடம் கண்முன் இருந்தும் பார்க்கக் கிடைக்காது. இந்த ஒரு குறையை நீக்குமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

மாமல்லபுரத்தை எடுத்துக்கொள்வோம். 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்த ஊர். சென்னைக்கு வருகிறவர்களில் கணிசமானோர் அதற்காகவே ஒரு நாளை ஒதுக்குகிறார்கள். அங்கே அருச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும்பாறைச் சிற்பம் கடலைப் பார்த்து, அதாவது கிழக்கு நோக்கிச் செதுக்கப்பட்டது. சூரியன் எழுந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போய் நின்றால், சாய்ந்து விழும் வெளிச்சத்தில் ஒவ்வோர் உருவமும் பாறையிலிருந்து எழுந்து வருவது போலிருக்கும். ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தி எலும்பும் நரம்புமாகத் தவம் செய்பவர், நடுப் பிளவில் கைகூப்பி மேலேறும் நாகர்கள், குட்டிகளைக் காலடியில் விட்டுக்கொண்டு நிற்கும் யானை, பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான், நீராடிய துணியை முறுக்கிப் பிழியும் ஆள், இவர்கள் எல்லோரையும் ஏமாற்றக் காத்திருப்பதுபோல் எலிகளுக்கு நடுவே முன்னங்கால்களை உயர்த்தித் தவக்கோலம் பூண்ட பூனை என எதையும் தேட வேண்டியதில்லை; தாமாகவே கண்ணில் படும். அதே பாறை பிற்பகல் மூன்று மணிக்கு நிழலுக்குள் போய்விடுகிறது. பின்னாலிருந்து வரும் வெயிலில் கண் கூச, சாம்பல் நிறத்தில் தட்டையாகத் தெரியும் சுவரின் முன்னே நின்று குடும்பமாக ஒரு படம் எடுத்துக்கொண்டு மக்கள் நகர்கிறார்கள். அவர்களுக்குக் கலையுணர்வு இல்லை என்று சொல்வது அநியாயம். அவர்களை அந்த வேளையில் அங்கே கொண்டுபோய் இறக்கியவர்கள்தான் இதற்குப் பொறுப்பு.

ஐந்து ரதங்களின் கதை இதற்கு நேர்மாறானது. திரௌபதி ரதமும் அருச்சுனன் ரதமும் மேற்கு நோக்கியவை. மாலை வெயில் அவற்றின் முகப்பில் விழும்போதுதான் வாயிற்காவல் உருவங்களின் இடை வளைவும், கூரை விளிம்பின் வேலைப்பாடும் தெளிவாகத் தெரியும். நடுப்பகலுக்கு என்று ஊருக்குள் குன்றின்மேல் குடைவரைகள் இருக்கின்றன. மகிடாசுரமர்த்தினி மண்டபத்தின் ஒரு பக்கச் சுவரில் சிங்கத்தின்மேல் பாய்ந்து வரும் தேவியும், எதிர்ச் சுவரில் அரவணைமேல் அறிதுயில் கொள்ளும் திருமாலும் இருக்கிறார்கள். போரின் வேகத்தையும் உறக்கத்தின் அமைதியையும் எதிரெதிரே வைத்த அந்தச் சிற்பிகளின் துணிச்சலை, வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே குளிர்ந்த தரையில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். ஆக, காலையில் பாறைச் சிற்பமும் கடற்கரைக் கோயிலும், உச்சிவேளையில் குடைவரைகள், மாலையில் ரதங்கள் என்று ஒரு நாளைச் சூரியனே வகுத்துக் கொடுத்திருக்கிறது. இதை நுழைவுச் சீட்டின் பின்புறத்தில் நான்கு வரிகளில் அச்சிட எந்தச் செலவும் ஆகாது.

இவ்வளவு எளிதான ஒன்று ஏன் நடப்பதில்லை என்றால், காஞ்சிபுரத்தையும் மாமல்லபுரத்தையும் ஒரே நாளில் கட்டிப்போடும் வழக்கமே காரணம். அரசு என்றும் தனியார் என்றும் வேறுபாடில்லாமல் ஒருநாள் சுற்றுலாவின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். கோயில்கள் பகல் 12 மணியளவில் நடை சாத்தி மாலை 4 மணியளவில்தான் திறக்கும் என்பதால் முதலில் காஞ்சிக்குப் போகிறார்கள். இரண்டு மூன்று கோயில்களை ஓட்டமும் நடையுமாகப் பார்த்து, சாப்பிட்டு, வெயில் உச்சத்தில் கிழக்கே திரும்பி, பிற்பகலில் மாமல்லபுரம் சேர்கிறார்கள். நடுவில் பட்டுக் கடைக்கு மட்டும் எந்த வண்டியும் நேரம் தவறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. காஞ்சியில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கைலாசநாதர் கோயில் ஒன்றுக்கே ஒரு முழுக் காலை வேண்டும். திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் சிறு சன்னதிகளுக்குள் பழைய சுதையும் வண்ணமும் அங்கங்கே திட்டுத்திட்டாக எஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்கிறவருக்குத்தான் அவை கண்ணில் படும். ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டிருக்கும்போது எவரால் குனிய முடியும்?

எனவே இந்த இரட்டைச் சுற்றுலாவை இரண்டாகப் பிரியுங்கள் என்பது என் முதல் வேண்டுகோள். மாமல்லபுரத்துக்கு விடியற்காலைப் புறப்பாடு ஒன்று வேண்டும். காஞ்சிபுரத்தை மாமல்லபுரத்தோடு இணைப்பதைவிட, காஞ்சியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள உத்திரமேரூரோடு இணைப்பது பொருத்தம். கி.பி. 920ஐ ஒட்டிய காலத்தில், முதலாம் பராந்தகச் சோழனின் ஆட்சியில், ஊர்ச்சபை உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டிவைத்த ஊர் அது. யார் தகுதியுள்ளவர், யார் தகுதியிழந்தவர், கணக்குக் காட்டாதவரை என்ன செய்வது என்பவை எல்லாம் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கல்லில் இன்றும் இருக்கின்றன. கல்வெட்டெழுத்துக்கு நேர் வெயில் ஆகாது. பக்கவாட்டில் விழும் மாலை வெளிச்சத்தில்தான் எழுத்தின் பள்ளம் தெரியும். காலையில் காஞ்சி, மாலையில் உத்திரமேரூர் என்று போகிற பயணிக்கு நடை சாத்தும் நேரமும் இடைஞ்சலாக இராது.

நகருக்குள் வந்தால் வார விடுமுறை என்ற சிக்கல் எதிரே நிற்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் தட்சிணசித்ராவுக்கும் செவ்வாய்க்கிழமை. மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் திங்கட்கிழமை. அடையாறு பிரம்மஞான சபையின் தோட்டமோ குறிப்பிட்ட வேளைகளில் மட்டுமே பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். பணியாளர்களுக்கு ஓய்வு நாள் வேண்டும். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் நகரத்தின் இரண்டு பெரிய அருங்காட்சியகங்களும் ஒரே கிழமையில் மூடியிருக்க வேண்டுமா என்று கேட்க இடமிருக்கிறது. வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வருகிற குடும்பத்துக்குப் பிற்பகலில்தான் நேரம் இருக்கும், அன்றைக்கு அவர்கள் போய் நிற்கிற இரண்டு வாசல்களும் பூட்டியிருக்கும். ஒன்றின் விடுமுறையை வேறு கிழமைக்கு மாற்றுவது நிர்வாக ஆணை ஒன்றில் முடிகிற காரியம். அது முடியாதென்றால், சென்ட்ரல், எழும்பூர், கோயம்பேடு, கிளாம்பாக்கம் ஆகிய நான்கு இடங்களிலாவது ‘இன்று திறந்திருப்பவை, இன்று மூடியிருப்பவை’ என்று தமிழில் ஒரு பலகை வையுங்கள்.

அருங்காட்சியகத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1851இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம், பழைய சென்னைவாசிகளின் பேச்சில் ‘செத்த காலேஜ்’. அங்கிருந்து பிரிந்து போன மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. இரண்டையும் பார்த்தால்தான் பட்டணம் பார்த்த கணக்கு என்று கிராமத்திலிருந்து வண்டி கட்டி வந்தவர்களுக்கு இருந்த நிதானம் இன்றைய பயணத் திட்டங்களில் இல்லை. படிமக்கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் கூட்டம் நிற்கும். அதே கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரை அவசரத்தில் கடந்து போகிறவர்கள் மிகுதி. பதினோராம் நூற்றாண்டுச் சோழர் வார்ப்பு. ஆண்பாதிக்கு இரண்டு கைகள், பெண்பாதிக்கு ஒன்று என்று மொத்தம் மூன்றே கைகள். வலப்பக்கம் அகன்ற தோளும் முழங்காலுக்கு மேலே நிற்கும் ஆடையும், இடப்பக்கம் ஒடுங்கிய இடையும் கணுக்கால் வரை இறங்கும் சேலையும். இவ்வளவு வேறுபாட்டையும் ஓர் உடம்பில் பொருத்திய பின்பும் நடுவில் எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. வலக்கை ஒன்று காற்றில் ஊன்றியிருப்பது ஏனென்றால், சாய்ந்து நிற்க வேண்டிய காளை இப்போது உடன் இல்லை. இதை யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னால், பத்து வயதுப் பிள்ளையும் அந்தச் சிலையை விட்டு நகராது.

இந்தக் கூடத்துக்கு உகந்த வேளை நண்பகல். வெளியே எங்கும் நிற்க முடியாத, கோயில்களும் சாத்தியிருக்கிற அந்த நான்கு மணி நேரத்தில், வெளியூராரைக் குளிர்ந்த கூடங்களுக்கு அனுப்புவதே முறை. நடைமுறையிலோ, பள்ளிச் சுற்றுலா வண்டிகள் காலை பத்து மணிக்கு அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. ஒரு மணிக்குப் பிள்ளைகளை மெரினாவில் இறக்குகின்றன. நண்பகல் மெரினாவில் கால் வைக்க முடியாத மணலைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது சென்னையில் ஒரு வாரம் வசித்தவருக்குத் தெரியும். கல்வித் துறையோடு பேசி இந்த வரிசையை மாற்றச் சொல்வது உங்களுக்கு ஒரு சுற்றறிக்கையில் முடிகிற வேலை. அருங்காட்சியகமும் மாலை 5 மணிக்கே மூடிவிடாமல், வாரத்தில் ஒரு நாளேனும் இரவு 8 மணி வரை திறந்திருந்தால், அலுவலகம் போகிற உள்ளூர்க்காரரும் உள்ளே வருவார். சென்னையில் பிறந்து வளர்ந்து, பள்ளிப் பருவத்துக்குப் பிறகு ஒருமுறைகூட அந்த வளாகத்துக்குள் போகாதவர்கள் என் சுற்றத்திலேயே இருக்கிறார்கள். விருப்பமின்மை அதற்குக் காரணமில்லை.

அடுத்து, விடியற்காலை. தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கே அதிகாலை ஐந்து மணிக்கு இறங்குகிற ஒருவருக்கு விடுதி அறை கிடைப்பதோ பன்னிரண்டு மணிக்கு. நடுவில் உள்ள ஏழு மணி நேரம் முழுவதும் சென்னையின் மிக நல்ல வேளை. அந்த நேரத்தைப் பயன்படுத்த அவருக்குத் தேவைப்படுவது மூன்று: பையை நம்பி விட்டுச் செல்ல ஓர் இடம், முகம் கழுவ ஓர் இடம், எங்கே போகலாம் என்று சொல்ல ஒரு தாள். பரங்கிமலைக்குப் போகலாம். நூற்று முப்பதுக்குச் சற்று மேற்பட்ட படிகள். உச்சியில் 1523இல் போர்த்துகீசியர் எழுப்பிய தேவாலயமும், பகலவி என்னும் பழைய பாரசீக எழுத்துப் பொறித்த கற்சிலுவையும். கீழே விமான நிலையத்தின் ஓடுபாதை. 1802இல் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கும் மாபெரும் நில அளவையின் அடிக்கோட்டை இட்டது இந்த மலையை ஒட்டிய சமவெளியில்தான். அவருடைய மார்பளவுச் சிலையும் மலைமேல் இருக்கிறது. இன்னும் தெற்கே பல்லாவரத்தில்தான் 1863 மே மாதம் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்திய வரலாற்றுக்கு முந்தைய காலத்தின் ஆய்வு அங்கே தொடங்குகிறது. அவர் சேகரித்த கற்கருவிகள் பின்னர் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. காலையில் பரங்கிமலை, நண்பகலில் எழும்பூர் என்று போகிறவருக்கு இந்த இரண்டையும் கோத்துக் காட்டினால், ஒரே ரயில் தடத்தில் நகரத்தின் தொல்பழங்காலமே கிடைத்துவிடும்.

மயிலாப்பூரும் காலைக்கு உரிய இடம்தான். ஆறு மணிக்குத் தெப்பக்குளக் கரையில் நின்றால் மேற்குக் கோபுரம் நீரில் தெரியும், பூக்கூடைகள் இறங்கும், தெற்கு மாடவீதியில் காய்கறிக் கடைகள் விரியும், மார்கழியாக இருந்தால் பஜனைக் கோஷ்டி ஒன்று எதிரே வரும். ஒன்பது மணிக்குள் கோயில், அங்கிருந்து நடந்து 1516ஆம் ஆண்டுக் கல்வெட்டைத் தாங்கிய லஸ் தேவாலயம், பிறகு சாந்தோம் பேராலயம் என்று முடித்துவிடலாம். பதினோரு மணிக்கு மேல் போகிறவர் பிராகாரத்துக் கல்தளத்தில் வெறுங்காலோடு துள்ளியபடி சுற்ற வேண்டியிருக்கும்.

ஜார்ஜ் டவுனைப் பற்றிய குறிப்பு சுருக்கமானது: ஞாயிற்றுக்கிழமை காலை. வாரநாளில் பாரிமுனையில் தலை நிமிர்ந்து ஒரு கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க நினைப்பது உயிருக்கு உலை. ஞாயிறு காலையில் கடைகள் மூடி, தட்டுவண்டிகள் ஓரம் கட்டியிருக்கும்போதுதான் ராஜாஜி சாலையின் செங்கல் முகப்புகளும், 1892இல் எழுந்த உயர் நீதிமன்றத்தின் கூர்கோபுரங்களும் முழுதாகத் தெரியும். கோட்டைக்கு மட்டும் வேறு கணக்கு. தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் சோதனையும் அடையாள அட்டையும் உண்டு. அதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் எவரும் வாசலில் நின்று திகைக்க வேண்டாம். 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்தின் உள்ளே ராபர்ட் கிளைவ் 1753இல் மணம் புரிந்தார் என்ற செய்தியைச் சொல்கிறவர்கள், அந்தக் கூரை குண்டு விழுந்தாலும் தாங்கும்படி கனத்த செங்கல் வளைவாகக் கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வணிகம் செய்ய வந்ததாகச் சொன்னவர்கள் கோயிலைக்கூட எப்படிக் கட்டினார்கள் என்பது அதில் இருக்கிறது.

வடசென்னை உங்கள் கையேடுகளில் கோட்டையோடு நின்றுவிடுகிறது. ராயபுரத்தில் 1856இல் ரயில் புறப்பட்ட நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. இந்தியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையம் அதுவே. காசிமேட்டில் அதிகாலை மீன் ஏலத்தைப் பார்க்க நுழைவுச் சீட்டு எதுவும் வேண்டாம், முழங்கால் வரை மடித்துக் கட்டத் தெரிந்தால் போதும். திருவொற்றியூரில் ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் மட்டும் கவசம் களையப்படுகிறது. நேரத்தைச் சொல்லாமல் இடத்தை மட்டும் சொல்வதன் குறை இதைவிட வெளிப்படையாக வேறெங்கும் தெரியாது. இன்னும் வடக்கே, கும்மிடிப்பூண்டித் தடத்தில் பொன்னேரியில் இறங்கி அங்கிருந்து பேருந்தில் போனால் பழவேற்காடு. சென்னைக் கோட்டைக்கு ஒரு தலைமுறை முன்பே, 1613இல், டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய ஊர். கோட்டை மண்மேடாகிவிட்டது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் நுழைவாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. ஐரோப்பியக் கல்லறைக் கலையின் அந்தக் கோலத்தை ஒரு தமிழ் மீனவ ஊரின் நடுவில் பார்ப்பது தனி அனுபவம். ஏரியில் பூநாரைகளைப் பார்க்கக் குளிர்காலத்தில் போக வேண்டும். மே மாதம் போனால் வெயில்தான் மிஞ்சும்.

பருவத்தை நம்பியிருக்கும் இடங்களில் முதன்மையானது வேடந்தாங்கல். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். ஊர்மக்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க 1798ஆம் ஆண்டிலேயே செங்கல்பட்டு ஆட்சியர் அங்கே பறவைகளைச் சுடக் கூடாது என்று உத்தரவிட்டார். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு எருவாகும் என்பதை அந்த ஊர் எவரும் சொல்லிக்கொடுக்காமலே அறிந்திருந்தது. நவம்பரிலிருந்து மார்ச் வரை பறவைக் காலம் என்று கையேடு சொல்கிறது. அது சராசரிக் கணக்கு. வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில், சனவரியில் போனாலும் வெறும் கடப்பை மரங்களைத்தான் பார்க்க முடியும். எனவே பருவம் தொடங்கியதும் ஏரியில் நீர் எவ்வளவு, எந்தெந்தப் பறவை வந்திருக்கிறது, கூடு கட்டத் தொடங்கியாயிற்றா என்று வாரம் ஒரு முறை வனத் துறையிடம் கேட்டு வெளியிடுங்கள். வேளையும் முக்கியம்: பகல் பதினொரு மணிக்குப் பாதிப் பறவைகள் இரைக்குப் போயிருக்கும், மாலை நான்கு மணிக்கு மேல் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வரும்போது பார்க்க வேண்டும்.

சனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகிற மாதங்களில், நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கடற்கரையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் உடன் நடக்க அழைக்கிறார்கள். பெரிய நகரம் ஒன்றின் விளக்கொளிக்குள் கடலாமை முட்டையிடுவது எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. இதற்குக் கூட்டம் சேர்ப்பது ஆமைக்குக் கேடு. ஆகவே இதை விளம்பரம் செய்ய வேண்டாம், முன்பதிவு எப்படி என்ற குறிப்பை மட்டும் சேர்த்தால் போதும். மார்கழி இசை விழாவுக்கோ எதிர்மாறான தேவை. சபாக்களில் மாலைக் கச்சேரிக்குத்தான் சீட்டு; இளங்கலைஞர்கள் பாடும் பகல் கச்சேரிகள் பலவற்றுக்கு எவரும் போய் உட்காரலாம். இது மயிலாப்பூர்வாசிக்குத் தெரிந்த அளவுக்கு, மதுராந்தகத்திலிருந்து வருகிறவருக்குத் தெரியாது.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது கழிப்பறையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஓர் இடத்தில் ஒரு பெண் எவ்வளவு நேரம் நின்று பார்ப்பார் என்பதைப் பல சமயங்களில் முடிவு செய்வது அங்குள்ள சிற்பத்தின் அழகன்று, அருகில் சுத்தமான கழிப்பறை இருக்கிறதா என்பதுதான். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே சுற்றுலாவை முடிக்கிற பெண்களை எந்தச் சுற்றுலா வண்டியிலும் பார்க்கலாம். முதியோருக்கு உட்காரத் திண்ணையும் நிழலும் வேண்டும். புதிய ஈர்ப்புகளை, புதிய கண்ணாடிப் பாலங்களை, புதிய ஒளிக்காட்சிகளைத் திட்டமிடும்போது, அதே தொகையில் ஒரு பங்கை இருக்கிற இடங்களின் கழிப்பறைக்கும் நிழலுக்கும் ஒதுக்கினால், மக்கள் தங்கும் நேரம் தானே கூடும்.

இவற்றில் பெரும்பாலான இடங்கள் உங்கள் ஆளுகையில் இல்லை என்பதை நான் அறியாமல் எழுதவில்லை. மாமல்லபுரமும் கோட்டை அருங்காட்சியகமும் இந்தியத் தொல்லியல் துறையிடம், பெரும்பாலான கோயில்கள் அறநிலையத் துறையிடம், ஏரியும் பூங்காவும் வனத் துறையிடம், தேவாலயங்கள் மறைமாவட்டத்திடம், தட்சிணசித்ரா ஓர் அறக்கட்டளையிடம் இருக்கின்றன. யாருடைய கதவையும் நீங்கள் திறந்துவிட முடியாது. எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று எல்லோரிடமும் கேட்டு ஒரே தாளில் எழுதுவதற்கு மட்டும் உங்களைத் தவிர வேறு யாருக்கும் கடமையும் இல்லை, அதிகாரமும் இல்லை. பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே செயலியில் சீட்டு எடுக்க முடிகிற நகரத்தில், மூன்று துறைகளின் திறப்பு நேரத்தை ஓரிடத்தில் சேர்ப்பது அரிய சாதனையாக இருக்காது.

நான் கேட்பது மாதம் ஒரு தாள். ஒரு பக்கத்தில் அந்த மாதத்தில் மட்டும் பார்க்கக் கூடியவை: பங்குனியில் மயிலை அறுபத்துமூவர், கார்த்திகையில் திருவொற்றியூர், மழைக்குப் பின் வேடந்தாங்கல், பௌர்ணமி மாலைகளில் கடலிலிருந்து எழும் நிலவுக்காக மெரினா என. மறுபக்கத்தில் காலை, நண்பகல், மாலை என்று மூன்று பத்திகள். ஒவ்வோர் இடத்துக்கும் வார விடுமுறை, அருகில் உள்ள ரயில் நிலையம், கழிப்பறை உண்டா இல்லையா. தமிழில் முதலில், மற்ற மொழிகளில் பிறகு. அதைச் செயலியில் மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடாமல் ரயில் நிலையங்களிலும் கிளாம்பாக்கத்திலும் காகிதமாகவும் கொடுங்கள், பள்ளிகளுக்கு அனுப்புங்கள், வாடகை வண்டி ஓட்டுநர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் கொடுங்கள், ஏனெனில் வெளியூரார் முதலில் வழி கேட்பது அவர்களிடம்தான். தாளின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருக்கட்டும். காலை ஆறு மணிக்கு அழைத்தாலும் எடுத்து, இன்றைக்குக் கைலாசநாதர் கோயில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று தமிழில் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கட்டும். வரும் ஐப்பசியில் முதல் தாளை வெளியிட்டால் மழைக்காலமும் பறவைக்காலமும் இசைக்காலமும் அடுத்தடுத்து வரும் மாதங்களுக்கு அது உதவும். விவரங்களைச் சரிபார்த்துத் தருவதற்கு, ஒவ்வொரு பேட்டையிலும் ஊதியம் எதிர்பாராத உள்ளூர்க்காரர்கள் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்டு 22ஐ ஒட்டிச் சென்னை நாளுக்காகத் தெருத்தெருவாக நடத்திக் காட்டுகிறவர்களைக் கேட்டாலே போதும்.

பதிலை எதிர்நோக்கும்,
சென்னைவாசி ஒருவர்